மலையகத்தில் எல்லோருக்கும் சைக்கிள்: பிரேக் கைக்கு எட்டுதா?

[காட்சி: காலைப் பனி. தோட்டத்துப் பிரட்டுக்களம் (காலையில் தொழிலாளர்கள் கூடி வேலை பிரித்துக்கொள்ளும் வெளி). மூன்று சக்கர சைக்கிளில் ஓர் இளம்பெண்.]

இது என் தங்கச்சி. பிறந்ததில் இருந்தே கால் தசை இறுக்கம். 22 வயதில்தான் முதல் தடவையாக சைக்கிளில் ஏறினாள். ஏறி உட்கார்ந்ததும், "அண்ணா, பிரேக் எனக்கு எட்டல்லையே" என்றாள்.

வலது கை விரல்கள் அவளுக்குச் சரியாக மடங்காது. பிரேக்கை நாங்கள் வலது பக்கத்தில் வைத்திருந்தோம். இருக்கை, மிதி, கால் வார் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துச் செய்தோம். அவளுடைய கையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அன்று ஓட்டாமலே இறக்கிவிட்டோம். இரண்டு பிரேக்கையும் ஒரே பிடியில் இழுக்கிற மாதிரி இடது பக்கத்துக்கு மாற்றிய பிறகுதான் ஓட்டினாள்.

மாற்றுத்திறனாளிகளும் சைக்கிள் ஓட்ட வசதி செய்து, அதிலேயே வருமானமும் தேடும் ஒரு சமூகத் தொழிலை இலங்கை மலையகத்தில் தொடங்க நினைப்பவர்களுக்குத்தான் இந்த வீடியோ.

[காட்சி: பழைய கை வண்டியின் வரைபடம்]

இது வெளிநாட்டு ஆடம்பரம் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் இது ஆடம்பரத்தில் அல்ல, ஒருவருடைய தேவையில் பிறந்தது. 1655இல், ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில், நடக்க முடியாத கடிகாரத் தொழிலாளி ஸ்டீபன் ஃபார்ஃப்லர் கையால் சுழற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியைத் தனக்குத் தானே செய்துகொண்டார். சைக்கிளுக்கு முன்னோடியான கார்ல் டிரைஸின் இரு சக்கர வண்டி வந்தது 1817இல்தான்.

[காட்சி: சரிவான தோட்டப் பாதை, சக்கரம் அருகில்]

இனி நம்ம மலைக்கு வருவோம். நம்ம பாதைகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். இரு சக்கர வண்டியைச் சரித்துச் சமாளிக்கலாம். மூன்று சக்கர வண்டியை அப்படிச் சரிக்க முடியாது. பாதை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் அதுவும் சாயும், வளைவில் கவிழவும் கூடும். முன்னால் இரண்டு சக்கரம் உள்ள தாழ்வான வண்டி வளைவில் நன்றாக நிற்கும், ஆனால் ஏறி இறங்குவது கஷ்டம். பின்னால் இரண்டு சக்கரம் என்றால் ஏறுவது லேசு.

கையால் ஓட்டும் சைக்கிள்களில் பலவற்றுக்கு சங்கிலி முன் சக்கரத்தில் இருக்கும். செங்குத்தான ஏற்றத்தில் பாரம் பின்னால் போய்விடும். மழை ஈரத்தில் முன் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். நீண்ட இறக்கத்துக்கு டிஸ்க் பிரேக்கும், நிறுத்திப் பூட்டும் பிரேக்கும் கட்டாயம். பார்வையற்றவருக்கு இருவர் ஓட்டும் டேன்டம் நல்லது. முன்னால் இருப்பவர் "இப்ப வளைவு, இப்ப பள்ளம்" என்று சொல்லிக்கொண்டே ஓட்டப் பழக வேண்டும்.

அதனால் மலைப் பாதையை மறந்துவிட்டு முதலில் சமதரையைத் தேடுங்கள். ஆட்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போன பிறகு பிரட்டுக்களம் சும்மாதான் கிடக்கும். தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஹட்டனில் டன்பார் மைதானம் இருக்கிறது. 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில், 1873இல் கட்டிய கிரகரி வாவியின் கரை இருக்கிறது.

அந்த வாவிக் கரையில் வருமானத்துக்கும் வழி உண்டு. ஏப்ரல் சீசனுக்கு வரும் குடும்பங்களுக்கு டேன்டமும், பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டும் வண்டியும் வாடகைக்குக் கொடுக்கலாம். அந்தக் காசில் தோட்டத்தில் சனிக்கிழமைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு சைக்கிள் ஓட்டத்தை இலவசமாக நடத்தலாம். நன்கொடையை மட்டும் நம்பித் தொடங்கினால், முதல் டயர் தேய்ந்த அன்றே வேலை நின்றுபோகும். டியூபும் சங்கிலியும் டவுன் கடையில் கிடைக்கிற வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

[திரையில்: பதிவு]

லாபத்தைப் பங்கு போடாமல் வேலைக்கே திருப்பிவிடுவதென்றால், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாக, அதாவது உறுப்பினர்கள் தாங்கள் உத்தரவாதம் கொடுத்த தொகைக்கு மட்டும் பொறுப்பாகும் கம்பனியாக, பதியலாம். பணிப்பாளர்களில் மாற்றுத்திறனாளிகள் இருக்கட்டும், பெயருக்கு அல்ல, காசோலையில் கையெழுத்துப் போடுகிற இடத்தில். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரையும் ஆரம்பத்திலேயே போய்ச் சந்தியுங்கள்.

இன்னொன்று, இதை லேசாக எடுக்காதீர்கள். முள்ளந்தண்டு பாதித்தவருக்கு காலில் குளிரும் உரசலும் தெரியாமல் போகலாம். தடித்த மேசு, நல்ல மெத்தை, இறங்கியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று அவரோ வீட்டாரோ பார்ப்பது, இவை இல்லாமல் ஒரு சுற்றும் வேண்டாம். வலிப்பு வருமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

[காட்சி: அளவு நாடா, கொப்பித் தாள்]

முதல் சனிக்கிழமைக்கு ஒரே ஒருவரை அழையுங்கள். அன்று சைக்கிள் வேண்டாம். அளவு நாடாவும் கொப்பியும் போதும். இடுப்பில் இருந்து குதிகால் வரை எவ்வளவு, தோளில் இருந்து உள்ளங்கை வரை எவ்வளவு, எந்த விரல் எதுவரை மடங்கும், எங்கே போக ஆசை, எல்லாம் அவரையே கேட்டு எழுதுங்கள். அந்தத் தாளோடு சைக்கிள் கடைக்குப் போங்கள்.