ஓகவாங்கோ சஃபாரி: முகாமுக்கு முன் தண்ணீரைப் பாருங்கள்

[காட்சி: ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி வரைபடம். அங்கோலா மேட்டுநிலத்திலிருந்து ஒரு நீலக்கோடு தென்கிழக்காக இறங்கி, போட்ஸ்வானாவுக்குள் விசிறிபோல் விரிந்து நின்றுவிடுகிறது.]

போட்ஸ்வானாவின் வடமேற்கில் உள்ள ஓகவாங்கோ டெல்டாவில், மாதக்கணக்கில் ஒரு துளி மழையும் பெய்யாத வறண்ட குளிர்காலத்தில்தான் வெள்ளம் பெருகுகிறது. அங்கே ஒரு சொகுசு சஃபாரிக்குச் செல்ல நினைப்பவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த முரணைத்தான். எந்த மாதம் செல்வது, எத்தனை முகாம்களில் தங்குவது, படகில் செல்வதா ஜீப்பில் செல்வதா, எவ்வளவு செலவாகும் என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை அந்தத் தண்ணீரின் நடமாட்டத்தில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலோர் முகாமின் படங்களில் தொடங்குகிறார்கள். அறைக்கு வெளியே உள்ள சிறு நீச்சல் குளத்தையும், செம்பினால் ஆன குளியல் தொட்டியையும் பார்த்து முடிவெடுத்துவிட்டு, அதன்பிறகே தேதியைத் தேடுகிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பதற்காகவே இந்த விளக்கம்.

அங்கோலாவின் மேட்டுநிலத்தில் கூபாங்கோ, குயிட்டோ என்ற இரு ஆறுகள் பிறக்கின்றன. அங்கே நவம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழை இந்த ஆறுகளில் இறங்கி, நமீபியாவின் குறுகிய நிலத்துண்டைக் கடந்து, மொஹெம்போ என்ற இடத்தில் போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. அதற்குப் பிறகு நிலம் ஏறத்தாழ மட்டமாக இருப்பதாலும், கலஹாரிப் பாலைவனத்தின் மணல் நீரை உறிஞ்சுவதாலும், பாப்பிரஸ் கோரைப் புதர்கள் வழிமறிப்பதாலும், வெள்ளம் மிக மெதுவாகவே நகர்கிறது. ஏப்ரல் வாக்கில் மொஹெம்போவில் உச்சத்தைத் தொடும் நீர், டெல்டாவின் தென்கோடியில் உள்ள மவுன் நகரத்தை எட்ட ஏறக்குறைய நான்கு மாதங்கள் ஆகின்றன. இரு ஆறுகளும் சேர்ந்து உருவாகும் இந்த ஓகவாங்கோ ஆறு கடலை ஒருபோதும் சேர்வதில்லை. வந்த நீரில் மிகப் பெரும்பங்கு ஆவியாகவும் தாவரங்களின் மூச்சாகவும் வானத்துக்கே திரும்பிவிடுகிறது.

[காட்சி: விமானத்திலிருந்து பார்க்கும் கோணம். வட்ட வடிவமான பச்சைத் தீவுகள். சிலவற்றின் நடுவில் மட்டும் வெண்மையான வெற்றுத் தரை.]

மவுனிலிருந்து சிறு விமானத்தில் புறப்பட்டவுடன் கீழே இந்தத் தீவுகள் தெரியும். இவற்றில் பல, கறையான் புற்றுகளில் தொடங்கியவை. வெள்ளத்துக்கு மேலே தலைநீட்டும் புற்றின்மீது பறவைகள் வந்தமர்ந்து விதைகளை இட்டுச் செல்ல, மரங்கள் முளைத்து, மண் சேர்ந்து, தீவு வளர்கிறது. விளிம்பில் நிற்கும் மரங்கள் நிலத்தடி நீரை இடைவிடாமல் இழுப்பதால், அந்த நீரில் கரைந்திருக்கும் உப்புகள் தீவின் நடுப்பகுதியில் படிந்துகொண்டே போகின்றன. ஒரு கட்டத்துக்குப் பிறகு அங்கே எந்த மரமும் வளர முடியாது. நடுவில் தெரியும் வெண்மை அந்த உப்புதான். சுற்றியுள்ள நீர் நன்னீராகவே இருப்பதற்கும் இதுவே காரணம். 2014ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாக ஓகவாங்கோ சேர்க்கப்பட்டது. விமானத்தில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால், கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு இந்தத் தீவுகளைப் பார்க்கும்படி உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

இனி மாதங்களுக்கு வருவோம். அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஆகிய மூன்று மாதங்களில் டெல்டாவில் நீர் நிறைந்திருக்கும். மொகோரோ என்னும் ஒடுங்கிய தோணியில், பின்னால் நிற்பவர் நீண்ட கழியை ஊன்றித் தள்ள, அல்லிப் பூக்களுக்கு நடுவே சத்தமின்றிச் செல்வதற்கு இதுவே பொருத்தமான காலம். முன்பு பெரிய மரங்களைக் குடைந்து செய்யப்பட்ட இந்தத் தோணிகள், மரங்களைக் காக்கும் பொருட்டு இப்போது பெரும்பாலும் கண்ணாடியிழையில் செய்யப்படுகின்றன. ஆப்பிரிக்கக் காட்டுநாய்கள் குட்டி ஈன்று வளையருகே தங்கியிருப்பதும் இந்த மாதங்களில்தான். ஆண்டின் மற்ற காலங்களில் நாள்தோறும் வெகுதூரம் அலையும் அந்தக் கூட்டம், வேட்டை முடிந்ததும் ஒரே இடத்துக்குத் திரும்புவதால், பார்க்கும் வாய்ப்பு மிகவும் கூடுகிறது. விடியற்காலையில் திறந்த ஜீப்பில் செல்லும்போது குளிர் எலும்புவரை இறங்கும் என்பதால், ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துப் பருத்திச் சட்டைகளோடு மட்டும் செல்பவர்கள் அவதிப்படுகிறார்கள். தடித்த மேலங்கி, கம்பளித் தொப்பி, கையுறை மூன்றும் அவசியம்.

செப்டம்பரில் நீர் வற்றத் தொடங்குகிறது. அக்டோபரில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். எஞ்சியிருக்கும் நீர்நிலைகளைச் சுற்றி யானைகளும் எருமைகளும் குவியும். விலங்குகளை அதிக எண்ணிக்கையில் பார்ப்பதே குறிக்கோள் என்றால் இந்த இரு மாதங்கள் சிறந்தவை. நண்பகல் வெப்பத்தைத் தாங்க முடியாதவர்கள் செப்டம்பரின் முதற்பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நவம்பரில் மழை இறங்குகிறது. இம்பாலா மான்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் குட்டி ஈனுகின்றன, வலசைப் பறவைகள் வந்து சேர்கின்றன, கட்டணம் பாதியை நெருங்கும் அளவுக்குக்கூடக் குறைகிறது. புல் உயர்ந்துவிடுவதால் சிறுத்தையைக் கண்டுபிடிப்பது கடினமாகும் என்பது உண்மை. ஆனாலும் பறவைகளில் ஈடுபாடு உள்ளவருக்கு, மழைக்காலத்தைத் தவிர வேறு எந்தக் காலத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜனவரி முதல் மார்ச் வரை செல்பவர்கள், டெல்டாவோடு மத்திய கலஹாரியையும் சேர்த்துக்கொள்ளலாம். மழைக்குப் பிறகு அங்குள்ள பழைய ஆற்றுப் படுகைகளில் புல் துளிர்க்க, ஸ்பிரிங்பாக், ஜெம்ஸ்பாக் மான்களும் அவற்றைத் தொடர்ந்து சிவிங்கிப்புலிகளும் வருகின்றன.

ஓர் எச்சரிக்கை இங்கே தேவை. வெள்ளம் எல்லா ஆண்டும் ஒரே அளவில் வருவதில்லை. 2019இல் டெல்டாவின் பெரும்பகுதி கடும் வறட்சியில் காய்ந்து, நீர்யானைகள் சேற்றுக் குட்டைகளில் நெருக்கியடித்துக் கிடந்தன. அடுத்த ஆண்டே நல்ல வெள்ளம் வந்தது. ஆகவே தோணிப் பயணம்தான் முக்கியம் என்பவர்கள், ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் வடபகுதி முகாம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

[காட்சி: டெல்டாவின் வரைபடத்தில் எல்லைக்கோடுகள் தோன்றுகின்றன. நடுவில் மொரேமி காப்பகம். அதைச் சுற்றி எண்ணிட்ட நிலப்பகுதிகள்.]

மாதம் முடிவானதும் அடுத்தது நிலம். டெல்டாவின் நடுவே மொரேமி வனவிலங்குக் காப்பகம் இருக்கிறது. வேட்டையால் விலங்குகள் குறைந்து வருவதைக் கண்ட பட்டாவானா மக்கள், மறைந்த தலைவர் மூன்றாம் மொரேமியின் மனைவி எலிசபெத் புலானே மொரேமியின் தலைமையில், தங்கள் சொந்த நிலத்தை 1963இல் காப்பகமாக அறிவித்தார்கள். அதைச் சுற்றியுள்ள நிலங்கள் தனித்தனிப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு நிறுவனத்துக்கோ உள்ளூர் மக்களின் அறக்கட்டளைக்கோ குத்தகைக்கு விடப்பட்டுள்ளது. காப்பகத்துக்குள் பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது, இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது. குத்தகை நிலத்தில் இவை இரண்டுக்கும் பெரும்பாலும் அனுமதி உண்டு. துப்பாக்கி ஏந்திய வழிகாட்டியோடு நடந்து செல்லவும் முடியும். காட்டுநாய்களின் வேட்டையைப் பின்தொடர்ந்து புதருக்குள் வண்டி செல்ல முடியுமா முடியாதா என்பது, அந்த வேட்டையைப் பார்ப்பதற்கும் அதன் புழுதியைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு. எனவே முகாமின் பெயரைக் கேட்கும்போதே, அது எந்த நிலத்தில் இருக்கிறது, அந்த நிலத்தை எத்தனை முகாம்கள் பகிர்ந்துகொள்கின்றன, ஒரு விலங்கின் அருகே ஒரே சமயத்தில் எத்தனை வண்டிகளுக்கு அனுமதி என்று கேட்டுவிட வேண்டும்.

ஓகவாங்கோவில் சொகுசு என்பதன் உண்மையான பொருள் இந்த இடைவெளிதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். போட்ஸ்வானா அரசு, குறைந்த எண்ணிக்கையில் பயணிகள், அதிக வருவாய் என்பதையே நெடுங்காலமாகத் தன் சுற்றுலாக் கொள்கையாக வைத்திருக்கிறது. முகாம்கள் சிறியவை, பலவற்றில் பத்துப் பன்னிரண்டு கூடாரங்களுக்குமேல் இருப்பதில்லை. உணவுப் பொருள்கள், எரிபொருள், பணியாளர்கள் எல்லாம் வெகுதொலைவிலிருந்து வந்து சேர வேண்டும். உச்சப் பருவத்தில் ஒருவருக்கு ஓரிரவுக் கட்டணம் 1,000 அமெரிக்க டாலரைத் தாண்டுவது வழக்கம். மிகப் புகழ்பெற்ற முகாம்களில் அது பல மடங்காகும். உணவும், நாளுக்கு இருமுறை காட்டுக்குள் செல்வதும், துணி வெளுப்பதும் இதில் அடங்கும். சிறு விமானக் கட்டணமும் பூங்கா நுழைவுக் கட்டணமும் சேர்ந்ததா என்பதை மட்டும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். பணம் அளவோடுதான் இருக்கிறது என்றால், அறையின் தரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிலத்தையும் வழிகாட்டியையும் விட்டுக்கொடுக்க வேண்டாம். எளிய கூடாரத்தில் தங்கி நல்ல வழிகாட்டியோடு செல்பவர் பார்ப்பதை, மாளிகைபோன்ற அறையில் தங்கி அனுபவமற்றவரோடு செல்பவர் பார்ப்பதில்லை. மணலில் பதிந்த சிங்கத்தின் தடத்தின்மேல் வண்டின் கால்தடம் ஓடியிருந்தால், அந்தச் சிங்கம் சென்று நேரமாகிவிட்டது என்று வண்டியை நிறுத்திப் படித்துச் சொல்பவர்தான் நல்ல வழிகாட்டி.

தோணியில் சுற்றும் நீர்முகாம் ஒன்றும் ஜீப்பில் சுற்றும் நிலமுகாம் ஒன்றும், ஒவ்வொன்றிலும் குறைந்தது மூன்று இரவுகள் என்று அமைத்துக்கொள்வது நல்ல திட்டம். ஒரே வாரத்தில் நான்கு முகாம்களைத் தொட்டுவிட்டு வருபவர்களுக்கு, விலங்குகள் அதிகம் நடமாடும் காலை நேரங்களில் பாதி ஓடுதளங்களில் காத்திருப்பதிலேயே கழிந்துவிடும். முகாமில் தங்கத் தங்க, அந்தப் பகுதியின் சிங்கக் கூட்டம் நேற்று எங்கே உண்டது, இன்று எங்கே நீர் குடிக்க வரும் என்பது வழிகாட்டியோடு சேர்ந்து உங்களுக்கும் விளங்கத் தொடங்கும்.

[காட்சி: மண் ஓடுதளம். ஒரு ஜீப் தளத்தின் நீளத்துக்கும் ஓடி மான்களை விரட்டுகிறது. பின்னர் ஒற்றை இயந்திர விமானம் இறங்குகிறது.]

முகாம்களுக்கு இடையே பறப்பவை செஸ்னா கேரவன் போன்ற சிறு விமானங்கள். அவற்றின் வயிற்றுப் பகுதியில் உள்ள சரக்கறையின் கதவு சிறியது. விமானியே குனிந்து பைகளை ஒவ்வொன்றாக உள்ளே அழுத்தித் தள்ளுவார். சக்கரமோ கெட்டிச் சட்டமோ உள்ள பெட்டி அதற்குள் வளைந்து கொடுக்காது. ஒருவருக்கு வழக்கமாக 20 கிலோ, அதுவும் கேமரா பையையும் சேர்த்து, மென்மையான துணிப்பையில் மட்டும். பெரிய லென்ஸ் கொண்டுபோகும் புகைப்படக்காரர்கள் கூடுதல் இருக்கை ஒன்றைக் கட்டணம் செலுத்திப் பெற்றுக்கொள்வதும் உண்டு.

இந்த ஓடுதளங்களில் விளக்குகள் இல்லாததால் இரவில் விமானம் இறங்க முடியாது. இதன் பொருளைப் பயணத்துக்கு முன்பே எண்ணிப் பார்க்க வேண்டும்: இரவில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தாலும் பெரும்பாலும் விடியும்வரை முகாமின் முதலுதவியோடுதான் இருக்க வேண்டும். அதன்பிறகு மவுனுக்கும், தேவையானால் ஜோகன்னஸ்பர்க்குக்கும் கொண்டுசெல்ல ஆகும் செலவு மிகப் பெரியது. விமான மீட்புச் செலவை உள்ளடக்கிய காப்பீடு இல்லாமல் இந்தப் பயணத்தைத் தொடங்கக் கூடாது. இதய நோயோ வேறு நாட்பட்ட நோயோ உள்ளவர்கள் தங்கள் மருத்துவரிடம், நகரத்துக்கு அப்பால் ஓரிரவு என்றால் என்ன என்பதை விளக்கிக் கேட்டு முடிவெடுப்பது நல்லது. வட போட்ஸ்வானாவில் மலேரியா உண்டு. தடுப்பு மாத்திரையை மருத்துவர் சொல்லும் நாளில் தொடங்கி, திரும்பிய பிறகும் சொன்ன நாள்வரை தொடர வேண்டும்.

இந்தியாவிலிருந்து செல்பவர்கள் வழித்தடத்தையும் கவனிக்க வேண்டும். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகச் செல்லும் பயணச்சீட்டுகள் மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் எத்தியோப்பியாவும் கென்யாவும் மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகள். அந்த நாடுகள் வழியாக வருபவரிடம் செல்லும் நாடும், திரும்பும்போது இந்தியாவும் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்கலாம். ஊசி போட்டுப் பத்து நாள்கள் கழிந்த பிறகே அந்தச் சான்று செல்லும். சான்றில்லாமல் இந்தியாவில் இறங்குபவரைத் தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் ஓரிரவு வெளியே தங்குவதானால் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்குத் தென்னாப்பிரிக்க விசா தேவை. மவுனுக்குச் செல்லும் விமானம் தாமதமானால் அன்றைய சிறு விமானமும் கைவிட்டுப்போகும் என்பதால், முதல் இரவை மவுனிலேயே கழிப்பது நிம்மதி.

[காட்சி: அந்திப்பொழுது. கூடாரங்களை இணைக்கும் உயர்த்தப்பட்ட மரப்பாதை. கைவிளக்கோடு ஒரு பணியாளர் விருந்தினர்களை அழைத்துச் செல்கிறார்.]

முகாம்களைச் சுற்றிப் பெரும்பாலும் வேலி இருக்காது. நீர்யானை இரவில் புல் மேயக் கூடாரத்துக்கு அருகிலேயே வரும். யானை மரத்தை உலுக்கிக் காய்களை உதிர்க்கும். இருட்டிய பிறகு பணியாளர் துணையின்றிக் கூடாரத்தைவிட்டு வெளியே வரக் கூடாது என்ற விதியில் எந்த விலக்கும் கிடையாது. இதனாலேயே பல முகாம்கள் சிறு குழந்தைகளை ஏற்பதில்லை; குறைந்தபட்ச வயது முகாமுக்கு முகாம் மாறும். குழந்தைகளோடு செல்பவர்கள் முழுக் கூடாரத்தொகுதியையும் தனி வண்டியையும் தங்களுக்கென எடுத்துக்கொள்ளும் வசதி உள்ளதா என்று கேட்கலாம்.

சைவ உணவு உண்பவர்களும், வெங்காயம் பூண்டு தவிர்ப்பவர்களும், பதிவு செய்யும்போதே அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முகாமின் சமையலறைக்கு அருகில் கடை கிடையாது. மளிகை வண்டி மவுனிலிருந்து புறப்பட்ட பிறகு சொன்னால், சமையற்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரால் பருப்பை வரவழைக்க முடியாது.

கடைசியாக, பதிவு செய்யும் காலம். ஜூலை முதல் அக்டோபர் வரையிலான நாள்களுக்கு, குறிப்பாக நான்கைந்து பேர் சேர்ந்து செல்வதானால், ஓராண்டுக்கு முன்பே இடம் பிடிக்க வேண்டியிருக்கும். முன்பணம் செலுத்தும்முன், ரத்து செய்தால் எந்தத் தேதிவரை எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும், குறிப்பிட்ட வழிகாட்டியைக் கேட்டுப் பெற முடியுமா என்பதையும், வெள்ளம் குறைவாக வந்தால் தோணிப் பயணத்துக்குப் பதிலாக எதை ஏற்பாடு செய்வார்கள் என்பதையும் முகவரிடம் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் முகவருக்கு டெல்டாவைத் தெரியும். அவரிடமே பதிவு செய்யலாம்.