ரயிலில் போட்ட கணக்கு

அவைக்கு என் வணக்கம். ஆய்வு மாணவர்களும் பேராசிரியர்களும் ஒரே வரிசையில் அமர்ந்திருப்பதைப் பார்க்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. நான் இயற்பியல் ஆசிரியன். ஆகவே பயிலரங்கின் பயனை என் துறையில் நடந்த ஒரு கூட்டத்தை வைத்தே சொல்கிறேன்.

1947 ஜூன் 2. நியூயார்க் மாநிலத்தில் ஷெல்டர் ஐலண்ட் என்ற சிறு தீவு. அங்கே ஒரு விடுதியில் இருபத்துச் சொச்சம் இயற்பியலாளர்கள் மூன்று நாள் கூடினார்கள். ஓப்பன்ஹைமர், பெத்தே முதலிய பெரியவர்கள் வந்திருந்தார்கள். 29 வயது இளைஞர்களான ஃபைன்மனும் ஷ்விங்கரும் வந்திருந்தார்கள். வில்லிஸ் லாம்புக்கு வயது 33. ஹைட்ரஜன் அணுவில் ஒரே ஆற்றலோடு இருக்க வேண்டும் என்று எலக்ட்ரானைப் பற்றிய டிராக்கின் கோட்பாடு சொல்லும் இரண்டு நிலைகள், அளந்து பார்த்தால் சற்றே விலகி நிற்கின்றன என்று அவர் அறிவித்தார். அச்சில் வராத முடிவு அது. காரணமும் பிடிபடவில்லை.

ஐம்பதைக் கடந்த டச்சு அறிஞர் கிராமர்ஸ், எலக்ட்ரானின் நிறையைப் பற்றித் தாம் நெடுநாளாக யோசித்து வந்ததை அங்கே பேசினார். அதுவும் முழுமை பெறாத எண்ணம்தான். இரண்டையும் கேட்டுக்கொண்டு கிளம்பினார் பெத்தே. ஷெனெக்டடி என்ற ஊருக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்து, கிராமர்ஸின் எண்ணத்தை வைத்து அந்த விலகல் எவ்வளவு என்று கணக்குப் போட்டார். அதிர்வெண் அளவில் சொன்னால், லாம்ப் அளந்த விலகல் ஏறத்தாழ 1000 மெகாஹெர்ட்ஸ். பெத்தேக்குக் கிடைத்தது 1040!

பெத்தே அப்போதே உலகறிந்த அறிஞர். அவர் கேட்க உட்கார்ந்தார். நம் ஊரில் குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை பெற்றதும் புறப்பட்டுவிடும் மூத்தவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பிற்பகல் அமர்வில் ஒரு மாணவி தயங்கித் தயங்கிச் சொல்லப்போகும் விடை தெரியாத அளவீட்டை அவர்கள் கேட்காமலே போய்விடுகிறார்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒன்று. மறு ஆண்டு அமெரிக்காவின் பொக்கோனோ மலையில் அடுத்த கூட்டம். ஷ்விங்கர் பெரும்பகுதி நாள் பேசினார். பின்னர் எழுந்த ஃபைன்மன் துகள்கள் ஒன்றோடொன்று வினைபுரிவதைக் காட்டும் தம் புதிய வரைபடங்களை விளக்க முயன்றார். எடுபடவில்லை. அணுவின் அமைப்பை விளக்கிய மூத்த அறிஞர் நீல்ஸ் போரே மறுத்துப் பேசினார். அந்த அவையில் அது தோல்விதான். ஆனால் அரங்குக்கு வெளியே ஃபைன்மனும் ஷ்விங்கரும் தங்கள் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வழி வேறு, விடை ஒன்று. தாம் தடம் மாறவில்லை என்ற தெம்பு ஃபைன்மனுக்கு அங்கேதான் கிடைத்தது. 1965இல் இருவரும் ஜப்பானிய அறிஞர் டொமொனாகாவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். சான்றிதழுக்காக மட்டும் வந்தவர்கள் இங்கே இருந்தால், தயவுசெய்து உங்கள் முடியாத வேலையையும் வெளியே எடுங்கள்.

தேநீர் இடைவேளையை ஒரு மணி நேரமாக நீட்டச் சொல்லி அமைப்பாளர்களைக் கேட்டேன், இசைந்திருக்கிறார்கள். மூன்று ஆண்டுகளாக முடியாத கணக்கு ஒன்று என் பையில் இருக்கிறது. நான் ஜன்னலோர மேசையில் இருப்பேன். வந்து பாருங்கள்.