வீட்டு விலை விழுந்தால் ஓட்டல் வேலை ஏன் போகிறது?

[திரையில்: கலிஃபோர்னியா வரைபடம். ஸ்டாக்டன் நகரத்தின் மேல் ஒரு புள்ளி.]

2009 அக்டோபரில் அமெரிக்காவின் வேலையின்மை விகிதம் 10 சதவீதத்தைத் தொட்டது. காரணம் கேட்டால் பலரும் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கியின் கதையைத்தான் சொல்வார்கள். லேமன் திவாலானது 2008 செப்டம்பரில். மந்தநிலை தொடங்கியதோ 2007 டிசம்பரில். வீட்டு விலை அதற்கும் முன்பே, 2006-லேயே உச்சம் தொட்டு இறங்க ஆரம்பித்துவிட்டது. அதனால் நாம் வங்கியை விட்டுவிட்டு வீட்டிலிருந்து தொடங்குவோம்.

[திரையில்: வீடு 4,00,000 டாலர் | கடன் 3,20,000 | சொந்தப் பணம் 80,000]

ஒரு குடும்பம் 4 லட்சம் டாலருக்கு வீடு வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கையிலிருந்து போட்டது 80 ஆயிரம், மீதி கடன். விலை 20 சதவீதம் இறங்குகிறது. வீட்டின் மதிப்பு இப்போது 3 லட்சத்து 20 ஆயிரம். கடனில் ஒரு டாலர்கூடக் குறையாது. ஆக, போட்ட 80 ஆயிரமும் போச்சு! ஸ்டாக்டன் பக்கம் விலை பாதிக்கும் கீழே போனது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

சரி, விற்காமல் குடியிருந்தால் என்ன நஷ்டம்? விலை ஏறிய காலத்தில் பலர் அந்த ஏற்றத்தைக் காட்டியே மேலும் கடன் வாங்கிச் செலவு செய்திருந்தார்கள். வீட்டில் தங்கள் பங்கின் மதிப்பு 1 டாலர் கூடினால் சராசரியாக 25 சென்ட் கடன் வாங்கினார்கள் என்பது ஆதிஃப் மியான், அமீர் சூஃபி என்ற இரு பொருளாதார அறிஞர்களின் கணக்கு. விலை விழுந்ததும் அந்த வழி அடைபட்டது. தவணை மட்டும் மாதாமாதம் வந்து நின்றது. முதலில் கைவைத்தது புதுக் கார், வெளியே சாப்பாடு, கடைச் செலவு ஆகியவற்றில்தான்.

[திரையில்: ஒரு பக்கம் ஓட்டல், மறுபக்கம் கார் தொழிற்சாலை]

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மியானும் சூஃபியும் வேலைகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஓட்டல், சில்லறைக் கடை போன்றவை உள்ளூர்க்காரர்களை நம்பியவை. தொழிற்சாலை நாடு முழுவதற்கும் விற்கிறது. வீட்டுச் சொத்து அதிகம் கரைந்த மாவட்டங்களில் ஓட்டல், கடை வேலைகளும் அதிகம் போயின. தொழிற்சாலை வேலைகளில் இந்தத் தொடர்பு தெரியவில்லை. அந்த இழப்பு நாடெங்கும் பரவியிருந்தது. கலிஃபோர்னியாக்காரர் கார் வாங்காவிட்டால் அடி கார் தொழிற்சாலைகள் நிறைந்த மிச்சிகன் மாநிலத்தில் விழும். அதாவது வீட்டு விலை அவ்வளவு ஏறாத ஊர்க்காரரும் தப்பவில்லை.

2008 டிசம்பரில் மத்திய வங்கி வட்டியைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தது. ஆனால் பழைய கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்ற, வீட்டின் மதிப்பு கடனைவிட அதிகமாக இருக்க வேண்டும். யாருக்கு அந்தச் சலுகை அவசரமாகத் தேவையோ, அவர்களுக்கே கதவு மூடியிருந்தது. அரசு 2009-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதிலும் வீட்டு மதிப்பைவிட இவ்வளவுதான் கடன் கூடுதலாக இருக்கலாம் என்று ஒரு வரம்பு. அந்த வரம்பை எடுக்க 2011 கடைசிவரை ஆனது. அப்போதும் வேலையின்மை 8 சதவீதத்துக்கு மேல்தான்.