குரலுக்கு ஒரு பெயர்: மெல் பிளாங்க்

அவைத்தலைவர் அவர்களே, பலகுரல் கலைஞர்களே, நண்பர்களே,

டப்பிங் அறையில் வேலை பார்ப்பவர்கள் பலர் இந்த அரங்கில் அமர்ந்திருப்பதால், உங்களுக்கு நன்கு பழகிய ஒரு குறையிலிருந்தே தொடங்குகிறேன். படம் முடிந்து பெயர்ப் பட்டியல் ஓடும்போது, குரல் கொடுத்தவரின் பெயர் வருவதற்குள் அரங்கில் விளக்கு எரிந்துவிடுகிறது. பெயரே போடாத படங்களும் உண்டு. இந்தத் தொழிலில் பெயர் என்பது எப்படி வந்தது, எதற்கு ஈடாக வந்தது, வந்தபோது யாருடைய பெயரை மறைத்தது என்பதை, அமெரிக்க நகைச்சுவைக் கலைஞரும் கார்ட்டூன் குரல் நடிகருமான மெல் பிளாங்கின் வாழ்க்கையை வைத்து இன்று பேச விரும்புகிறேன்.

அவர் 1908 மே 30 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில் வளர்ந்தவர். குடும்பப் பெயரான பிளாங்க் என்பதற்கு ஆங்கிலத்தில் வெற்றிடம், ஒன்றும் எழுதப்படாதது என்று பொருள். நீயும் உன் பெயரைப் போலவே ஒன்றுமில்லாதவனாகத்தான் ஆவாய் என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் சொன்னதாகவும், அது தைத்ததால் ஆங்கிலத்தில் பெயரின் கடைசி எழுத்தான k-யை c-ஆக மாற்றிக்கொண்டதாகவும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். மாற்றியது ஓர் எழுத்தைத்தான். ஒலி மாறவே இல்லை. கேட்பவருக்கு அவர் பழைய பிளாங்க். படிப்பவருக்கு மட்டும் புதியவர். வாழ்நாள் முழுவதும் செவிக்கே வேலை கொடுக்கப்போகிற ஒருவர், தம் அவமானத்தைக் கண்ணுக்கு மட்டும் தெரியும்படி திருத்திக்கொண்டார் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு வியப்பு.

அதே பள்ளியின் நீண்ட தாழ்வாரத்தில் எதிரொலி நன்றாக வரும் என்று கண்டு, உரக்க ஒரு கோமாளிச் சிரிப்பைச் சிரித்துப் பழகினார். அந்தச் சிரிப்பு பின்னர் ஒரு நீதிமன்றம் வரை போகும். அதைப் பிறகு சொல்கிறேன்.

1927-இல் போர்ட்லாந்து வானொலியில் பாடகராகவும் வேடிக்கைப் பேச்சாளராகவும் நுழைந்தார். 1933-இல் எஸ்டெல் என்பவரை மணந்து, கணவனும் மனைவியுமாக அதே ஊரில் ஒரு வானொலி நகைச்சுவை நிகழ்ச்சியை நடத்தினார்கள். வேறு நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்க வசதியில்லாததால், வருகிற பாத்திரங்களுக்கெல்லாம் அவர்களே குரல் மாற்றிப் பேச வேண்டியிருந்தது. பலகுரல் அவருக்குக் கைவந்தது பெரும்பாலும் இந்தப் பற்றாக்குறையால்தான் என்று நினைக்கிறேன். பிறகு லாஸ் ஏஞ்சலிஸுக்கு வந்து, வார்னர் பிரதர்ஸுக்குக் கார்ட்டூன் தயாரித்துக் கொடுத்த லியோன் ஷ்லெசிங்கரின் நிறுவனத்துக்குப் பலமுறை நடந்தார், உள்ளே விடவில்லை. குரல் தேர்வுப் பொறுப்பில் வேறொருவர் வந்த பிறகே வாய்ப்புக் கிடைத்தது. முதல் வேலை, குடிபோதையில் இருக்கும் ஒரு காளை மாட்டுக்கு. அந்த 1937-ஆம் ஆண்டிலேயே போர்க்கி என்னும் திக்குவாய்ப் பன்றியும் டாஃபி என்னும் வாத்தும் அவர் குரலுக்கு வந்தன. போர்க்கிக்கு முன்பு பேசியவர் உண்மையிலேயே திக்குவாய் உள்ளவர். எங்கே திக்குவார் என்று தெரியாமல் படச்சுருள் வீணாயிற்று. பிளாங்க் அந்தத் திக்கலைப் பன்றியின் உறுமலிலிருந்து எடுத்து, தாளம் தப்பாமல் வேண்டிய இடத்தில் வைத்தார்.

இங்கே நம் டப்பிங் முறைக்கும் அவர்கள் முறைக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். நாம் ஏற்கெனவே அசைந்து முடிந்த உதட்டுக்குப் பேச்சைப் பொருத்துகிறோம். அவர்களோ முதலில் குரலைப் பதிவுசெய்து, அந்தப் பேச்சுக்கு ஏற்ப உதட்டையும் புருவத்தையும் வரைந்தார்கள். ஆகவே குரல் நடிகரின் முன்னால் உடல் எதுவும் இல்லை. சில மாதிரிப் படங்கள் மட்டும் இருக்கும். குரலே அந்த உடலை உண்டாக்க வேண்டும். 1940-இல் முழு உருவம் பெற்ற பக்ஸ் பன்னி என்னும் முயலுக்கு, நியூயார்க்கின் புரூக்ளின், பிராங்க்ஸ் பகுதிகளின் தெருப்பேச்சைக் கலந்து ஒரு குரல் கொடுத்தார். யாருக்கும் அஞ்சாத நகரத்துப் போக்கிரி ஒருவன் அந்தக் குரலிலேயே பிறந்துவிட்டான். சில்வெஸ்டர் பூனையின் எச்சில் தெறிக்கும் குரலும் டாஃபி வாத்தின் குரலும் ஏறக்குறைய ஒன்றுதான். வாத்தின் குரலை மட்டும் ஒலிப்பதிவில் வேகப்படுத்தினார்கள். முயல் கேரட் கடிக்கும் சத்தத்துக்கு வேறு காய்களையும் கடித்துப் பார்த்தார்கள்; கேரட்டின் ஓசை கேரட்டுக்கு மட்டுமே இருந்தது. வாயில் கேரட்டோடு பேச முடியாது என்பதால், கடித்து, மென்று, பக்கத்திலிருந்த பாத்திரத்தில் துப்பிவிட்டு அடுத்த வசனத்தைப் பேசுவார். சிரிக்கிறீர்கள், மைக்கின் முன் நின்றவர்களுக்கு இதில் உள்ள மூச்சுக் கணக்கு புரியும்.

வானொலியிலும் அவர் தொழில் நிற்கவில்லை. ஜாக் பென்னி என்னும் பெரும் நகைச்சுவையாளரின் நிகழ்ச்சியில் முதலில் அவருக்குக் கிடைத்தது ஒரு பனிக்கரடியின் உறுமல். மாதக்கணக்கில் உறுமிய பின், எனக்குப் பேசவும் தெரியும் என்று பென்னியிடம் சொல்ல வேண்டியதாயிற்று. பென்னியின் பழைய மாக்ஸ்வெல் கார் கிளம்பும் சத்தத்துக்கு வைத்திருந்த இசைத்தட்டு நேரலையில் ஓடாமல் போனபோது, மைக்கைப் பிடித்து இருமலும் விக்கலும் வெடிச்சத்தமுமாக அந்தக் காரையே வாயால் ஓட்டினார். அன்றிலிருந்து அதுவும் அவருடைய பாத்திரமாயிற்று. ஒற்றைச் சொல்லிலேயே விடை சொல்லும் ஒரு மெக்சிகோக்காரராகவும் அதே நிகழ்ச்சியில் நடித்தார். பென்னியாலேயே சிரிப்பை அடக்க முடியாது என்பது உண்மை. அந்தச் சிரிப்பில் ஓர் இனத்தாரின் பேச்சைக் கேலி செய்வதும் கலந்திருந்தது என்பதையும் இன்று சொல்லத்தான் வேண்டும்.

இப்போது பெயருக்கு வருகிறேன். கார்ட்டூன்கள் நன்றாக ஓடியபோது, ஷ்லெசிங்கரிடம் சம்பள உயர்வு கேட்டார், கிடைக்கவில்லை. பணம் இல்லையென்றால் திரையில் என் பெயரையாவது போடுங்கள் என்றார். பெயருக்குச் செலவில்லை என்பதால் சம்மதித்தார்கள். குரல் நடிகருக்குப் பெயர் போடும் வழக்கம் இல்லாத அந்தக் காலத்தில், 1940-களின் நடுவிலிருந்து, குரல் வடிவம் மெல் பிளாங்க் என்ற வரி திரையில் வரத் தொடங்கியது. கொடுக்க மறுத்த பணத்தைவிட அந்த ஒற்றை வரி அவருக்கு அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது; 1946-இல் அவர் பெயரிலேயே ஒரு வானொலி நிகழ்ச்சி தொடங்கி ஓராண்டு நடந்தது.

பெயர் இல்லாத குரலுக்கு என்ன ஆகும் என்பதையும் அவரே பட்டு அறிந்தார். பள்ளித் தாழ்வாரத்துச் சிரிப்பை, வேறொரு நிறுவனத்தின் வுட்டி என்னும் மரங்கொத்திக்கு 1940-இல் கொடுத்திருந்தார். வார்னர் கார்ட்டூன்களுக்கு மட்டுமே பேசுவதாக ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகு அங்கிருந்து விலகினார். பதிவான சிரிப்பு மட்டும் விலகவில்லை, அடுத்தடுத்த படங்களிலும் ஒலித்தது. வழக்குத் தொடுத்தார். சிரிப்புக்கு உரிமைப் பதிவு செய்யவில்லை என்று நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பின்னர் வெளியே சமரசம் ஆயிற்று.

1961 ஜனவரி 24 அன்று லாஸ் ஏஞ்சலிஸின் சன்செட் சாலை வளைவு ஒன்றில் எதிரே வந்த கார் மோதி, மண்டையோடும் கால்களும் இடுப்பெலும்பும் முறிந்து, சுமார் இரண்டு வாரம் நினைவின்றிக் கிடந்தார். மனைவியும் மகன் நோயலும் பெயர் சொல்லி அழைத்தும் பதில் இல்லை. ஒரு நாள் மருத்துவர் ஒருவர், பக்ஸ் பன்னி, இன்று எப்படி இருக்கிறாய் என்று கேட்டாராம். நன்றாகத்தான் இருக்கிறேன் டாக்டர், நீங்கள் எப்படி என்று முயலின் குரலிலேயே பதில் வந்தது. இதை அந்தக் குடும்பமும் மருத்துவரும் சொல்லிவந்திருக்கிறார்கள். அற்புதம் என்று சொல்ல மாட்டேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓர் அழைப்புக்கு ஒரே விடையைச் சொல்லிப் பழகிய நாக்கு, அறிவு விழிக்கும் முன்பே விழித்துக்கொண்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. உடல் முழுக்க மாவுக்கட்டோடு கிடந்தபோதே, படுக்கைக்கு மேலே மைக்கைத் தொங்கவிட்டு, உடன் நடிப்பவர்கள் சுற்றி உட்கார, தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் பார்னி பாத்திரத்தைப் பதிவு செய்தார்.

எண்பது வயதில், 1988-இல் வந்த ஒரு முழுநீளப் படத்தில் தம் பழைய பாத்திரங்களுக்கு மீண்டும் பேசினார். யோசமிட்டி சாம் என்னும் குள்ளக் கொள்ளைக்காரனின் கத்தலுக்கு மட்டும் தொண்டை இடம் கொடுக்கவில்லை. அதை வேறொருவர் பேசினார். 1989 ஜூலை 10 அன்று காலமானார்.

அவர் பெற்ற பெயரின் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. முயலைத் துரத்தும் வேட்டைக்காரன் எல்மரின் குரலும் பிளாங்குடையதே என்று பலர் நம்பினார்கள். அது ஆர்தர் கியூ. பிரையன் என்னும் நடிகருடைய குரல். திரையில் பிளாங்கின் பெயரே நின்றதால், பிரையனைப் போலவே, பாட்டிப் பாத்திரத்துக்குப் பேசிய பீ பெனடெரட்டும் பெரும்பாலும் பெயரின்றியே போனார். 1959-இல் பிரையன் இறந்தார். பிற்காலத்தில் எல்மருக்கும் பேசும்படி பிளாங்கைக் கேட்டார்கள். அவருக்கு அதில் விருப்பமில்லை. ஒரு நடிகர் உண்டாக்கிய குரலை இன்னொருவர் எடுத்துப் பேசுவது திருட்டு என்பது அவர் எண்ணம். ஆனாலும் பேசினார்.