மாம்பலத்துக்கும் மதுரைக்கும் ஒரே சம்பளமா?

நடுவர் அவர்களுக்கும் சபைக்கும் வணக்கம். அழகு நிலைய மேற்பார்வையாளர் சம்பளத்தை முடிவு செய்ய வேண்டியது கடை வருமானமா, ஊர்ச் செலவா? ஊர்ச் செலவுதான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி நண்பர் போற போக்குல ஒண்ணு சொன்னார். "கத்தரி பிடிக்கிறவருக்குச் சம்பளம் சரி. கல்லாப் பக்கத்துல நின்னு சிரிக்கிற சூப்பர்வைசருக்கு எதுக்கு ஊர்ப்படி?" சபையும் கைதட்டுச்சு. இதுக்குப் பதில் சொல்லாம நான் அடுத்த வரிக்குப் போக மாட்டேன்.

ஒரு முகூர்த்த சீசன் சனிக்கிழமையை நினைச்சுப் பாருங்க. மணி நாலு. ஆறு நாற்காலியும் நிறைஞ்சிருக்கு. மூணாவது நாற்காலியில ஒரு அம்மா. ஆறரைக்கு ரிசப்ஷன், அதுக்குள்ள நரை மறையணும். சாயக் குழாய் 60 கிராம். ஒண்ணுக்கு ஒன்றரைன்னு கலக்குற சாயம், அதனால அதோட சேர்க்கிற பெராக்சைடு திரவம், டெவலப்பர், 90 மில்லி. நரைக்கு எடுக்க வேண்டியது 20 வால்யூம், அதாவது 6 சதவீத பெராக்சைடு. அவசரத்துல அந்தத் தம்பி கை போனது 40 வால்யூமுக்கு. அது 12 சதவீதம். ஒரே கம்பெனி, ஒரே வெள்ளை பாட்டில், நம்பர் மட்டும்தான் வேற. மண்டையில பட்டா எரியும், புண்ணாகும். கல்லாவுல பில் போட்டுக்கிட்டிருந்த சூப்பர்வைசர் தலையைத் தூக்கிச் சொன்னாங்க: "தம்பி, பாட்டிலைத் திருப்பு." அவ்வளவுதான்.

நடுவர் அவர்களே, இன்னொரு தடவை சொல்றேன், சபை நிதானமாக் கேக்கட்டும். கை பில்லுல இருக்கு. காது போன்ல இருக்கு, அஞ்சரை மணி அப்பாயின்ட்மென்டை ஆறுக்குத் தள்ளணும். கண் மட்டும் மூணாவது நாற்காலியில. "தம்பி, பாட்டிலைத் திருப்பு." தம்பி திருப்பினான், நம்பரைப் பார்த்தான், முகம் வெளுத்துப்போச்சு.

கதை அதோட முடியல. பக்கத்துல வந்து கேட்டாங்க: "அம்மா, 48 மணி நேரத்துக்கு முன்னாடி காதுக்குப் பின்னால சாயத்தைக் கொஞ்சம் தடவிப் பார்த்தாங்களா?" இல்ல. "இதுக்கு முன்ன சாயம் போட்டு அரிப்பு வந்திருக்கா?" ஒரு தடவை வந்திருக்கு. அப்படின்னா இன்னிக்குச் சாயம் கிடையாது. சாயத்துல இருக்கிற பிபிடிங்கிற ரசாயனம் ஒத்துக்காதவங்களுக்கு இமை வீங்கி, சில சமயம் கண்ணே மூடிக்கும். அந்த அம்மா கோபத்துல எழுந்துட்டாங்க. அவங்களை மறுபடி உட்கார வச்சு, வகிட்டோரம் நரையை மறைக்கிற பவுடர் தடவி, கொண்டை போட்டு, பூ வச்சு, ஆறு மணிக்கு அனுப்பினாங்க. வாசல்ல அந்த அம்மாவைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பைத்தான் நண்பர் பார்த்திருக்கார்! அதுக்கு முன்னால நடந்த ரெண்டு மணி நேரத்தைப் பார்க்கல.

மதுரையிலயும் இதே பாட்டில்தான், இதே கண்தான். வேலை ஒண்ணு. மாசக் கடைசியில கையில மிஞ்சுறதுதான் வேற.

"சென்னையில கடை வருமானம் அதிகம், இன்சென்டிவ் வருமே"ன்னாங்க. கிளையோட டார்கெட் முட்டினாத்தான் அது வரும். ஆடியில கல்யாணம் கிடையாது, மார்கழியில கிடையாது. மணப்பெண் அலங்காரம் இல்லேன்னா டார்கெட் எங்கே முட்டும்? வீட்டுக்காரர் ஆடிக்குன்னு வாடகையில தள்ளுபடி தர்றாரா?

அட்வான்ஸுக்கு வாங்க. 2017ஆம் வருஷத்து வாடகைச் சட்டம் மூணு மாச வாடகைன்னு சொல்லுது. ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதிக்கிட்டா அதுவும் செல்லும்கிறதால, சென்னையில பத்து மாசம் கேக்குற வழக்கம் இன்னும் போகல. 10,000 ரூபா வாடகைன்னா ஒரு லட்சம் கையில வேணும். மத்திய அரசு இந்த வித்தியாசத்தை ஒத்துக்குது. 18,000 அடிப்படைச் சம்பளத்துக்கு வீட்டு வாடகைப்படி சென்னையில 5,400, மதுரையில 3,600, சின்ன ஊர்ல 1,800. அரசு ஊழியருக்கு வாடகை ஊருக்கு ஊர் மாறும், அழகு நிலைய ஊழியருக்கு மட்டும் மாறாதா?

சம்பளத்தைக் கொஞ்சமா ஏத்துறதுலயும் ஒரு பள்ளம் இருக்கு. 20,500 வாங்குறவங்களுக்கு 1,500 கூட்டி 22,000 ஆக்கினா, தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.யோட 21,000 வரம்பைத் தாண்டிடுறாங்க. மாசம் 154 ரூபா பிடித்தத்துல குடும்பத்துக்கே கிடைச்ச வைத்தியம் சில மாசத்துல நின்னுபோகும். அதனால கூட்டுறப்போ வைத்தியச் செலவையும் சேர்த்துக் கூட்டணும். சம்பளத் தகராறுன்னு வழக்குப் போட வழி இருக்கான்னா அதுவும் கஷ்டம். மேற்பார்வை வேலையில 18,000க்கு மேல வாங்கினா, தொழிலுறவுச் சட்டத்துல தகராறு தீர்க்கிற பகுதிக்கு அவங்க 'தொழிலாளி'யே இல்ல.

மணி அடிச்சுட்டீங்க. ஒரே நிமிஷம்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி. அதே சூப்பர்வைசர். கடைசி வாடிக்கையாளரை அனுப்பி, சீப்பையெல்லாம் கழுவி, கிருமிநாசினியில ஊறப்போட்டு, கல்லாவை எண்ணி, ஷட்டரை இறக்கி, மாம்பலத்துல ரயில் ஏறுறாங்க. சம்பளத்துக்கு வீடு கிடைச்சது சென்னைக்கு வெளியே கூடுவாஞ்சேரியில. அன்னிக்கு அவங்க கண் பார்த்து அனுப்பின தலை எத்தனையோ. வீட்டுக்குப் போறப்போ மகள் தூங்கிட்டா. அம்மா வந்து பின்னிவிடுவாங்கன்னு ரிப்பனைக் கையில சுத்தி வச்சுக்கிட்டே தூங்கிட்டா. அந்த ரிப்பனை மெதுவா உருவி எடுத்து, எழுப்ப மனசு வராம, இருட்டுல உட்கார்ந்து பிள்ளை தலையைக் கோதிக்கிட்டு இருக்காங்க.

நடுவர் அவர்களே, அந்த சூப்பர்வைசர் அம்மா ஒன்பது மணிக்கு வீடு சேர்ற தூரத்துல ஒரு வாடகை வீடு. அதுக்கு எவ்வளவு ஆகுமோ, அதைச் சம்பளத்துல சேர்க்கச் சொல்லுங்க. வணக்கம்.