கொரில்லா உடையில் வந்த வேற்றுக்கோள் அரக்கன்

நேயர்களுக்கு வணக்கம்.

1953ஆம் ஆண்டு, பில் டக்கர் என்ற இளம் அமெரிக்க இயக்குநர் ‘ரோபாட் மான்ஸ்டர்’ என்ற படத்தை எடுத்தார். மனித இனத்தில் எட்டுப் பேரைத் தவிர மற்ற எல்லோரையும் அழித்துவிட்ட ஒரு வேற்றுக்கோள் இயந்திர அரக்கனின் கதை அது. ஆனால் இயந்திர உடை தைக்கப் பணம் இல்லை. எனவே, சொந்தமாக ஒரு கொரில்லா உடையை வைத்துக்கொண்டு குரங்கு வேடங்களில் நடித்துவந்த ஜார்ஜ் பாரோஸை அழைத்து, கடலில் முக்குளிப்போரின் தலைக்கவசத்தைப் போன்ற ஒன்றை அவர் தலையில் மாட்டி, அதன்மேல் ஆன்டெனாவையும் பொருத்தினார்கள். உலகை அழித்த அரக்கன் அவ்வாறு பிறந்தான்.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் பிரான்சன் பள்ளத்தாக்கில், நான்கே நாளில் படப்பிடிப்பு முடிந்தது. அரக்கனின் தலைமையகம் ஒரு குகை; அதன் வாசலில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு வானொலிக் கருவி, பக்கத்தில் சோப்புக் குமிழி விடும் இயந்திரம். அந்தக் குமிழி இயந்திரத்துக்குப் படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்ப் பட்டியலிலேயே இடம் தந்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இத்தகைய படங்களைப் பார்த்து நகைப்பது எளிது. ஆயினும், கனத்த உரோம உடையோடு பாரோஸ் மேடு பள்ளங்களில் நடந்து செல்வதைப் படக்கருவி பொறுமையாகத் தொடரும்போது, அரக்கனையும் அவனுக்குள் உழைக்கும் மனிதரையும் நாம் ஒருசேரக் காண்கிறோம். இந்த இரட்டைக் காட்சியைத்தான் நான் இப்படங்களின் அழகு என்கிறேன். கொல்ல வேண்டிய பெண்ணின்மீதே அரக்கன் காதல் கொண்டு, ‘செய்தே ஆக வேண்டும்’ என்பதும் ‘செய்ய இயலாது’ என்பதும் எந்தப் புள்ளியில் சந்திக்கும் என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் இடத்தில், நடிப்பவரும் எழுதியவரும் துளியும் கேலியின்றி நிற்கிறார்கள். படத்துக்கு இசையமைத்தவர் எல்மர் பெர்ன்ஸ்டைன். இடதுசாரிச் சார்பு காரணமாகப் பெரிய ஸ்டூடியோக்களின் வாய்ப்புகள் குறைந்திருந்த அந்தக் காலத்தில், பின்னாளில் ஆஸ்கர் பெறவிருந்த அந்தக் கலைஞர், இந்தக் கொரில்லாவுக்கும் முழு மனத்தோடு இசை எழுதினார்.

வேண்டுமென்றே மட்டமாக எடுத்து நம்மைப் பார்த்துக் கண்சிமிட்டும் இக்காலப் படங்களில் இந்த வெகுளித்தனம் கிட்டுவதில்லை. 1958இல் சிவப்புச் சாயமேற்றிய சிலிக்கோனைக் கொண்டு எடுக்கப்பட்ட ‘தி பிளாப்’ படத்தில், ஊரையே விழுங்கவரும் கூழுக்கு அஞ்சி மக்கள் திரையரங்கிலிருந்து ஓடிவரும் காட்சியைப் பென்சில்வேனியாவின் ஃபீனிக்ஸ்வில் ஊரார், அதே திரையரங்கின் வாசலில் ஆண்டுதோறும் விழாவாக நடத்துகிறார்கள். வெறும் ஏளனத்தால் ஒரு விழா இத்தனை ஆண்டுகள் நடக்குமா?

நம் மண்ணுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1952இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ், அமெரிக்கத் தயாரிப்பாளர்களோடு கூட்டுச் சேர்ந்து, ராட் கேமரனும் சீசர் ரொமேரோவும் நடித்த ‘தி ஜங்கிள்’ படத்தை எடுத்தது. தமிழில் அது ‘காடு’. யானைக்கு உறவான, உரோமம் அடர்ந்த, அழிந்துபோன மாமூத் விலங்குகள் இந்தியக் காட்டில் இன்னும் உயிரோடு இருந்து, யானைக் கூட்டங்களை வெருட்டுவதாகக் கதை. அந்த மாமூத்களாக நடித்தவை, சடை சடையாகத் தொங்கும் உரோமப் போர்வை சுமந்த நம் ஊர் யானைகள்தாம். போர்வைக்கடியில் அசையும் காதுகளைப் பார்த்ததுமே தமிழ்ப் பிள்ளைகள் அவற்றை யானைகளென்று அறிந்திருப்பார்கள். அறிந்தும் அஞ்சியிருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

வணக்கம்.