ரெண்டடி சுவர் வேலையை ஒரு இஞ்ச் மெழுகு செய்யுமா? காரைக்குடி வெயில்ல பீசிஎம் கணக்கு

[காட்சி: கானாடுகாத்தான் தெரு, மத்தியான வெயில்]

வணக்கம் மக்களே. கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீட்டு முகப்பைத் தாண்டி உள்ள போனதும் சூடு சட்டுனு குறையும்ல, அதுக்கு வர்றவங்க எல்லாரும் முட்டை வெள்ளைக்கரு போட்ட சுண்ணாம்புப் பூச்சைத்தான் காட்டுவாங்க. பூச்சு வழவழப்புக்குங்க. குளுமைக்கு முக்கியக் காரணம் சுவரோட கனமும், வளவும் (வீட்டு நடு முற்றம்). பகல் சூட்டை சுவர் உள்ள வாங்கி வச்சுக்கும், ராத்திரி அதை விடும்போது வானம் பாத்து திறந்து கிடக்குற வளவு வழியா அது மேல போயிரும்.

இப்ப யாரு ரெண்டடிக்கு சுவர் வைக்கிறா? ஒம்பது இஞ்ச் சுவரு, மேல காங்கிரீட் தளம், ராத்திரி பதினோரு மணிக்கு ஃபேன் போட்டா அனல் காத்துதான் வருது. அந்தக் கனச் சுவர் வேலையை மெல்லிசா செய்ய வைக்கலாம்னு வந்ததுதான் ஃபேஸ் சேஞ்ச் மெட்டீரியல் (உருகும்போது சூட்டை வாங்கி, உறையும்போது விடுற பொருள்), சுருக்கமா பீசிஎம்.

[காட்சி: தட்டில உருகுற ஐஸ்]

ஸ்கூல்ல உள்ளுறை வெப்பம்னு படிச்சிருப்பீங்க. 0 டிகிரியில இருக்குற 1 கிலோ ஐஸ் உருகி முடிக்க 334 கிலோ ஜூல் வேணும், ஆனா அது உருகி முடியிற வரைக்கும் தெர்மாமீட்டர் 0ல தான் நிக்கும், அதே சூட்டை உருகின தண்ணிக்குக் குடுத்தீங்கன்னா 80 டிகிரிக்கு ஏறிரும்! இதே வேலையை வீட்டுச் சூட்டுல செய்ற பொருள்தான் நமக்கு வேணும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி பக்கம் உருகும், மார்கழிக் காலையில பாட்டில்ல உறையிறது அதனாலதான். ஆக்டாடெக்கேன்ங்கற பாரஃபின் மெழுகு 28ல, கால்சியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்ங்கற உப்பு 29 பக்கம், கிளாபர் உப்பு 32ல.

கணக்கைப் பாருங்க. செங்கல் 5 டிகிரி சூடேறினா கிலோவுக்கு 4 கிலோ ஜூல் சொச்சம்தான் வாங்கும். மெழுகு உருகினா 200 பக்கம். மெழுகோட எடை கம்மிங்கறதைக் கழிச்சுட்டுப் பாத்தாலும், ரெண்டடி சுவர் பிடிக்கிற சூட்டை ஒரு இஞ்ச் சொச்சம் மெழுகு பிடிச்சிரும்.

இது புதுசெல்லாம் இல்ல. 1948ல அமெரிக்காவுல டோவர்ங்கற ஊர்ல மரியா டெல்கெஸ்னு ஒரு விஞ்ஞானி, கிளாபர் உப்பை டப்பா டப்பாவா அடைச்சு ஒரு வீட்டைக் குளிர்காலத்துல கதகதப்பா வச்சாங்க. சில வருஷத்துலயே சொதப்பிருச்சு, ஏன்னா அந்த உப்பு உருகும்போது ஒரு பங்கு தண்ணியில கரையாம அடியில தங்கிரும், உருகி உறைஞ்சு உருகி உறைஞ்சு கொள்ளளவு போயிரும். உப்பு வகை உலோக டப்பாவையும் அரிக்கும். மெழுகுல அந்தத் தொல்லை இல்ல, ஆனா தீப்பிடிக்கும், சூட்டையும் மெதுவாத்தான் உள்ள விடும், அதனால பொடிப் பொடி கேப்ஸ்யூலா ஆக்கி ஜிப்சம் போர்டுல கலக்குறாங்க, இல்லாட்டி பையில அடைச்சு ஃபால்ஸ் சீலிங் மேல பரப்புறாங்க.

[காட்சி: மொட்டை மாடி, ராத்திரி]

நம்ம ஊருக்கு வர்ற சிக்கல் இங்கதான். பகல்ல உருகினது ராத்திரி திரும்ப உறையணும், உறையலேன்னா மறுநாள் அது வெறும் எண்ணெய்ப் பை. வெளிநாட்டு போர்டு நிறைய 23 டிகிரி, 26 டிகிரிக்குச் செஞ்சது. சித்திரையில நம்ம பக்கம் ராத்திரியே 27, 28ன்னு நிக்குதே, அது எங்க உறைய? 29, 30ல உருகுறதா எடுத்தா ஒரு வாய்ப்பு இருக்கு, அதுவும் ராத்திரி ஜன்னலைத் திறந்து, எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, வெளிக்காத்தை உள்ள இழுத்தாத்தான். வளவு சும்மாவே செஞ்ச வேலையை இப்ப கரண்ட் போட்டு செய்றோம்.

எவ்வளவு லாபம்னா, 100 கிலோ மெழுகு முழுசா உருகினா, ஒரு டன் ஏசி ஒன்றரை மணி நேரம் ஃபுல்லா ஓடி வெளியேத்துற சூட்டைப் பிடிக்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். ஏசியே வேணாம்னு யாராவது வித்தா நம்பாதீங்க. என்னைக் கேட்டா முதல்ல மாடியில தட்டோடு இல்ல வெள்ளைக் கூலிங் பெயிண்ட், மேற்குச் சுவருக்கு நிழல், அதுக்கப்புறம் காசு மிச்சமிருந்தா பீசிஎம். வாங்கும்போது டேட்டா ஷீட்ல உருகுற டிகிரியை மட்டும் பாத்துருங்க, 23னு போட்டிருந்தா பெங்களூர்ல வீடு கட்டுற மச்சானுக்கு அனுப்பி விட்ருங்க, அங்க ராத்திரி உறைஞ்சிரும்.